வெறும் வயிற்றோடு போகணுமா, சாப்பிட்டுப் போகலாமா? கர்ப்ப கால சுகர் டெஸ்டுக்குத் தயாராவது எப்படி

ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ செக்கப்புக்குப் போனால் டாக்டர் சீட்டில் ஒரு வரி எழுதித் தருவார். ஓ.ஜி.டி.டி. என்றோ, ஜி.சி.டி. என்றோ, சும்மா "75 கிராம் குளுக்கோஸ்" என்றோ இருக்கும். வெளியே இருபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள், அதனால் அதை விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. அம்மா ஒன்று சொல்வார், மாமியார் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டில் போன வருஷம் குழந்தை பெற்றவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூன்றும் மூன்று விதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: அவர்கள் செய்துகொண்டது ஒரே டெஸ்ட் அல்ல.

அதனால் தயாராவதில் முதல் வேலை சாப்பாட்டைப் பற்றி யோசிப்பதல்ல, உங்களுக்கு எழுதியிருப்பது எந்த டெஸ்ட் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். சீட்டு கையில் இருக்கும்போதே சிஸ்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை கிராம் குளுக்கோஸ்? வெறும் வயிற்றில் வரணுமா? எத்தனை தடவை ரத்தம் எடுப்பீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே முடிந்துவிடும். கேட்க மறந்து வந்துவிட்டால் லேபுக்குப் போன் செய்து கேளுங்கள், தயங்க வேண்டாம்.

நம் ஊரில் நடப்பவை பெரும்பாலும் மூன்று வகை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் செய்வது டிப்ஸி முறை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வார்கள், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா முன்னின்று கொண்டுவந்த முறை இது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்ப கால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக இந்தியாவில் கடைப்பிடிக்கிறார்கள். எல்லா கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று தமிழ்நாடு 2007-லேயே முடிவெடுத்துவிட்டது. கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் ஒரு பெண்ணை வெறும் வயிற்றோடு வரச் சொல்லி மதியம் வரை உட்காரவைக்க முடியாது என்ற நடைமுறைப் புரிதல் அந்த முறையிலேயே இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டாவது, தனியார் மருத்துவமனைகளில் அதிகம் எழுதும் ஓ.ஜி.டி.டி. இதற்கு வெறும் வயிறு கட்டாயம். முதலில் ஒரு தடவை ரத்தம் எடுத்துவிட்டு 75 கிராம் குளுக்கோஸ் தருவார்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று என்று மொத்தம் மூன்று ஊசி. மூன்றாவது, ஜி.சி.டி. என்கிற 50 கிராம் டெஸ்ட். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை, ஒரு மணி நேரத்தில் ஒரே ஊசியோடு முடிந்துவிடும். ஆனால் இதில் அளவு கூடுதலாக வந்தால் அதை வைத்தே நோய் என்று சொல்லிவிட மாட்டார்கள், இன்னொரு நாள் வெறும் வயிற்றில் பெரிய டெஸ்ட் ஒன்று செய்யச் சொல்வார்கள். அது பல இடங்களில் 100 கிராம் குளுக்கோஸ், மூன்று மணி நேரம், நான்கு ஊசி என்று இருக்கும்.

எப்போது செய்ய வேண்டும்? முதல் செக்கப்பிலேயே ஒரு தடவை, அப்புறம் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. "மூணாம் மாசமே பார்த்தாச்சு, நார்மல்னு சொல்லிட்டாங்க, மறுபடி எதுக்கு?" என்று பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் நம் உடம்பின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கும், அந்தத் தடை ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான் வேகமாக ஏறும். மூன்றாம் மாதத்தில் நார்மலாக இருந்தவருக்கு ஆறாம் மாதத்தில் கூடுவது அதனால்தான். 28 வாரம் தாண்டிவிட்டதே என்று நினைத்தும் விட்டுவிட வேண்டாம், அடுத்த செக்கப்பிலேயே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். "சுகர் டெஸ்டுன்னா ரெண்டு நாள் சோத்தைக் குறைச்சிக்கோம்மா, ஸ்வீட்டைத் தொடாதே, ரிசல்ட் நல்லா வரும்" என்று அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் நடப்பது நேர்மாறு. சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் ஒதுக்கிவிட்டால் மாவுச்சத்தைச் சமாளிக்கும் பழக்கம் உடம்பில் கொஞ்சம் மந்தமாகிவிடும். அந்த நிலைமையில் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் உள்ளே போனால் ரத்தத்தில் சர்க்கரை வழக்கத்தைவிட மேலே போய் நிற்கும். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாளும் நீங்கள் எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து போக வேண்டும் என்பது கணக்கு. ஒரு கப் வெந்த சோற்றிலேயே ஏறக்குறைய 45 கிராம் வந்துவிடும், அதனால் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் இதை அளந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மசக்கை இன்னும் விடாமல் எதுவும் உள்ளே தங்காதவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லி நாளைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.

இதே காரணத்துக்காக ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருக்கிறவர்கள் விரதத்துக்கு அடுத்த நாளில் டெஸ்ட் வைத்துக்கொள்ளாதீர்கள். ரமலான் நோன்பு மாதத்தில் 24 வாரம் வருகிறதென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி நாளை முடிவு செய்யுங்கள். வளைகாப்புக்கு மறுநாள் காலையிலும் வேண்டாம், இரவு பத்தரை மணி வரை சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் எப்போது சாப்பிட்டு முடித்தீர்கள் என்றே கணக்குத் தெரியாது.

மாத்திரைகள் விஷயத்தில் நீங்களாக முடிவு எடுக்காதீர்கள். தைராய்டு மாத்திரையைக் காலையில் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாமா, இரும்புச்சத்து மாத்திரையை டெஸ்ட் முடிந்து சாப்பிட்ட பிறகு போடலாமா என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் நுரையீரல் வளர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். ஆஸ்துமாவுக்கோ தோல் பிரச்சினைக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் அப்படித்தான். காய்ச்சலோ, வாந்தி பேதியோ இருக்கிற நாளில் போக வேண்டாம். எடை குறைக்க வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்த குளுக்கோஸ் தண்ணீரே ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்கு வேறு வழியில் பார்ப்பார்கள், அதனால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த டெஸ்டே தேவைப்படாது.

வெறும் வயிற்று டெஸ்ட் என்றால் முந்தின இரவைக் கொஞ்சம் கவனமாகத் திட்டமிட வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, பதினான்கு மணி நேரத்துக்கு மேலேயும் போகக் கூடாது. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் காலை ஏழு மணிக்குப் பத்து மணி நேரம் ஆகியிருக்கும், அது நல்ல கணக்கு. மாலை ஆறு மணிக்கே சாப்பிட்டுவிட்டு மறுநாள் பத்து மணிக்கு லேபுக்குப் போனால் உங்களுக்கும் மயக்கம் வரும், கணக்கும் தப்பும். படுக்கும்போது குங்குமப்பூ போட்டு ஒரு டம்ளர் பால் குடிக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தப் பாலும் சாப்பாடுதான், அதைக் குடித்த நேரத்திலிருந்துதான் எட்டு மணி நேரத்தை எண்ண வேண்டும். அதனால் அன்று ஒரு நாள் பாலைச் சாப்பாட்டோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும், உடம்பில் தண்ணீர் இருந்தால்தான் ரத்தக் குழாய் சுலபமாகக் கிடைக்கும். பல் தேய்க்கலாம். காபி, டீ கூடாது, பால் இல்லாத கடுங்காப்பியும் கூடாது. பாக்கு, மிட்டாய், சூயிங்கம் எதுவும் வாயில் வேண்டாம்.

டிப்ஸி டெஸ்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எப்போதும் போல இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கொஞ்சம் அளவாகச் சாப்பிட்டுப் போனால் குளுக்கோஸ் தண்ணீர் குமட்டாமல் இறங்கும் என்பது மட்டும் என் யோசனை, வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே அந்த இனிப்பைக் குடிப்பது கஷ்டம்.

பையில் என்ன வைப்பது? தாய் சேய் நல அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், தண்ணீர் பாட்டில், ஏ.சி. லேபாக இருந்தால் ஒரு சால்வை, கைக்குட்டை, ஒரு பிளாஸ்டிக் கவர். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒரு டப்பா சாப்பாடு, அது கடைசி ஊசி முடிந்த உடனே சாப்பிட. கை இறுக்கமில்லாத பிளவுஸோ குர்தாவோ போட்டுக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வரட்டும், தனியாக ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கூட்டத்தையும் கணக்கில் வைத்து, எழுதிக் கொடுத்த நேரத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள். குளுக்கோஸை நீங்களே வாங்கி வரச் சொன்னால் மருந்துக் கடையில் டெஸ்டுக்கான சாதாரண குளுக்கோஸ் பாக்கெட் என்று கேளுங்கள். ஆரஞ்சு, மாம்பழ வாசனை போட்ட கோடைக்கால பானப் பொடி அல்ல, அதில் வேறு சர்க்கரையும் சேர்ந்திருக்கும். கடைகளில் கிடைக்கும் சாதாரண குளுக்கோஸ் பொடியில் கொஞ்சம் நீர்ச்சத்தும் கலந்திருப்பதால் 75 கிராம் குளுக்கோஸ் கிடைக்க அதில் 82.5 கிராம் எடுக்க வேண்டும். அதனால் வீட்டில் ஸ்பூனால் அளந்து கலந்து எடுத்துப் போகாதீர்கள், பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுபோய் அங்கே அளந்து கலக்கச் சொல்லுங்கள்.

இப்போது எல்லோரும் பயப்படும் அந்த டம்ளர். சுமார் 300 மில்லி தண்ணீரில் கலந்த குளுக்கோஸ், தித்திப்பு தொண்டையைப் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில், அதிகபட்சம் பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொள்ளவும் வேண்டாம், அரை மணி நேரம் இழுக்கவும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் கலந்து தரச் சொல்லிக் கேளுங்கள், ஜில்லென்று இருந்தால் பாதி குமட்டல் தெரியாது. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளப் பல லேபுகளில் விடுவார்கள், சில இடங்களில் விட மாட்டார்கள், அதனால் கேட்டுவிட்டே பிழியுங்கள். குடிக்க ஆரம்பித்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து உங்கள் போனில் குறித்துவையுங்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்பதெல்லாம் அந்த நேரத்திலிருந்துதான். லேபில் கூட்டமாக இருந்தால் நேரம் ஆனதும் நீங்களே எழுந்து போய் "சிஸ்டர், எனக்கு நேரம் ஆயிடுச்சு" என்று சொல்லுங்கள். இருபது நிமிடம் தள்ளி எடுத்த ரத்தத்தின் அளவுக்கு அர்த்தமே மாறிவிடும்.

குடித்த பிறகு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் சும்மாதானே, பக்கத்துக் கடைக்குப் போய் வரலாம், மாடியில் ஸ்கேன் முடித்துவிடலாம் என்று படி ஏறி இறங்காதீர்கள். நடந்தால் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவழித்துவிடும், இருக்கிற நோய் தெரியாமல் போகலாம். கழிப்பறைக்குப் போவதில் தவறில்லை. தலை சுற்றினால் இடது பக்கம் சாய்ந்து படுக்க இடம் கேளுங்கள். குமட்டினால் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடுங்கள், ஒன்றிரண்டு வாய் தண்ணீர் குடிக்கலாம். வாந்தி வந்துவிட்டால் உடனே சொல்லுங்கள். அரசு வழிகாட்டுதலின்படி குடித்த 30 நிமிடத்துக்குள் வாந்தி வந்தால் அந்த டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் செய்வார்கள். அதற்குப் பிறகு வந்தால் தொடரலாம். மறுபடியும் வர வேண்டுமே என்று பயந்து மறைத்துவிட்டால் வருகிற நம்பரை யாரும் நம்ப முடியாது, நஷ்டம் உங்கள் குழந்தைக்கு.

கடைசி ஊசி முடிந்ததும் அங்கேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுங்கள். சிலருக்கு அந்த நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், அகோரமாகப் பசிக்கும். அவித்த முட்டை, சுண்டல், இட்லியோடு நிறைய சாம்பார் மாதிரி ஏதாவது நல்லது. மறுபடி இனிப்போ ஜூஸோ வேண்டாம்.

ரிசல்ட் வந்ததும் தயவுசெய்து நம்பரைப் பக்கத்து வீட்டு நம்பரோடு ஒப்பிடாதீர்கள். டிப்ஸி முறையில் இரண்டு மணி நேர அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால சர்க்கரை நோய். வெறும் வயிற்று 75 கிராம் டெஸ்டில் எல்லைகள் வேறு: வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே நோய் என்றுதான் கணக்கு. அதாவது இரண்டு மணி நேரத்தில் 148 என்று வந்தால் ஒரு முறையில் அது நோய், இன்னொரு முறையில் எல்லைக்கு உள்ளே. 50 கிராம் டெஸ்டில் ஒரு மணி நேரத்தில் 140 என்பது அடுத்த டெஸ்டுக்கான அழைப்பு மட்டும்தான். எந்த டெஸ்ட் என்று தெரியாமல் நம்பரை மட்டும் கூகுளில் தட்டிப் பார்த்து இரவெல்லாம் அழுகிறவர்கள் இருக்கிறார்கள், நிம்மதியாகத் தூங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று: வீட்டு குளுக்கோமீட்டரில் காலையில் பார்த்தேன், 85 தான் இருந்தது என்று சொல்லி இந்த டெஸ்டைத் தவிர்க்க முடியாது. ஹெச்.பி.ஏ.1.சி. என்கிற மூன்று மாத சர்க்கரைச் சராசரி டெஸ்டும் இதற்குப் பதிலாகாது, கர்ப்பத்தில் ரத்த அணுக்கள் வேகமாக மாறுவதாலும் ரத்தசோகையாலும் அந்த நம்பர் தடுமாறும்.

அளவு கூடிவிட்டது என்று சொன்னால் உங்கள் மேலே பழி போட யாரையும் விடாதீர்கள், நீங்களும் போட்டுக்கொள்ளாதீர்கள். "மாம்பழம் மாம்பழமா தின்னா" என்று யாராவது சொல்வார்கள். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களை உங்கள் கணையம் ஈடுகட்ட முடியாமல் போவதால் வருவது இது, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தவர்களுக்கும், பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தவர்களுக்கும், போன பிரசவத்தில் வந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம், இவை எதுவுமே இல்லாதவர்களுக்கும் வரும். வழக்கமாக முதலில் இரண்டு வாரம் சாப்பாட்டு முறையையும் நடையையும் மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். அதன் பிறகு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருந்தால் அப்படியே தொடரலாம், இல்லாவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது, ஊசி என்றதும் பயந்து தள்ளிப்போட வேண்டாம். சோற்றை அடியோடு நிறுத்துவதும் வேண்டாம், எவ்வளவு எப்போது என்பதைப் பிரித்துச் சாப்பிடக் கற்றுக்கொடுப்பார்கள்.

பிரசவம் முடிந்ததும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும், அதோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை வெறும் வயிற்றில் 75 கிராம் டெஸ்ட் செய்ய வேண்டும், ஏனென்றால் இது வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம், சிலருக்கு அப்போதே தங்கிவிட்டிருக்கும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக ஒரு நாள் ஒதுக்குவது நடக்காத காரியம். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட எப்படியும் போவீர்கள், அந்த வாரத்திலேயே இதையும் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் "அம்மாவுக்கு சுகர் டெஸ்ட்" என்று பேனாவால் இப்போதே எழுதி வைத்துவிட்டால், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் வீட்டில் வேறு யாராவது பார்த்து ஞாபகப்படுத்துவார்கள்.